பாதி மின்சாரமும் மீதிக் கணக்கும்

கேள்வி: ஜெர்மனியில் பாதிக்கு மேல் மின்சாரம் காற்று, வெயில் போன்றவற்றிலிருந்து வருகிறதாம். எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவர் இதை மாபெரும் வெற்றி என்றார். அடுத்துப் பேசியவர் வீண் செலவு என்றார். ஒரு நாட்டின் எரிசக்தி மாற்றம் நீடித்து நிற்குமா என்று எதை வைத்து எடை போடுவது? – ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பாதி உண்மைதான். 2000-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்தபோது 6 சதவீத அளவில் இருந்த பங்கு, 2023-இல் 50-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அது மின்சாரக் கணக்கு மட்டும். வீட்டைச் சூடாக்குவது, வண்டி ஓட்டுவது, ஆலைக் கொதிகலன் எல்லாம் சேர்ந்த எரிசக்திப் பயன்பாட்டில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த முழுக் கணக்கில் புதுப்பிக்கத்தக்கவை இன்னும் கால்வாசியைத் தொடவில்லை. ஏறக்குறைய பாதி வீடுகளுக்குக் குளிர்காலச் சூடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது.

அடுத்து, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2023-இல் பசுங்குடில் வாயு உமிழ்வு 1990-ஐவிட 46 சதவீதம் குறைவு. ஆனால் 1990-க்குப் பிறகுதான் கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. தொழில் படுத்ததால் குறைந்த புகையை நான் மாற்றத்தின் வரவில் எழுத மாட்டேன்.

பலரும் கேட்காமல் விடுவது, பணம் யார் கொடுத்தது என்பதை. கூரையில் சூரியத் தகடு போட்டவருக்கு 20 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை உறுதி. அந்தச் செலவு மற்றவர்களின் மின்கட்டணத்தில் கூடுதல் கட்டணமாக ஏறியது; 2017-இல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட். மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெரிய ஆலைகளுக்கோ பெரும் சலுகை. ஆகச் சொந்தக் கூரை உள்ளவர் வாங்கினார், வாடகைக்குக் குடியிருப்பவர் கொடுத்தார். 2022 ஜூலையில்தான் இந்தக் கட்டணத்தை நீக்கிச் சுமையை அரசு ஏற்றது. (அந்தப் பணம்தான் தகட்டின் விலை உலகம் முழுக்கச் சரிய உதவியது, அதை ‘வீண் செலவு’ என்றவர் மறந்துவிட்டார்.)

கம்பியும் முக்கியம். காற்று வீசுவது வடக்கில்; பெரிய ஆலைகள் தெற்கில். இரண்டையும் இணைக்கும் சுமார் 700 கிலோமீட்டர் ‘சூட்லிங்க்’ வழித்தடம் 2022-இல் முடிந்திருக்க வேண்டும். உயர்கோபுரங்களை மக்கள் எதிர்த்ததால் மண்ணுக்கடியில் கேபிளாகப் பதிக்க முடிவாகி, இப்போது 2028 என்கிறார்கள். அதுவரை காற்று பலமாக வீசினால், வடக்கே காற்றாலையை நிறுத்தச் சொல்லி இழப்பீடு தருகிறார்கள். தெற்கே வேறு நிலையங்களுக்குக் காசு கொடுத்து ஓட்டுகிறார்கள்.

அடி தாங்குமா என்பதற்கு 2022 சோதனையானது. அதற்கு முந்தைய ஆண்டு இறக்குமதி எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. அது நின்றதும், ஒதுக்கி வைத்த நிலக்கரி நிலையங்களைத் திரும்ப எழுப்பினார்கள். ஆனாலும் விளக்கு அணையவில்லை. 2023 ஏப்ரலில் கடைசி மூன்று அணுஉலைகளை மூடிய பிறகும், அந்த ஆண்டு நிலக்கரி மின்சாரம் வெகுவாகக் குறைந்தது.

உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய அளவுகோலைத் தந்தது ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம். இளைஞர்கள் தொடுத்த வழக்கில் 2021-இல் வந்த தீர்ப்பு அது. 2030-க்குப் பிறகு என்ன செய்வதென்று தெளிவாகச் சொல்லாத காலநிலைப் பாதுகாப்புச் சட்டம், சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் தள்ளுகிறது என்றது. அரசு உடனே நிகர சுழிய உமிழ்வு இலக்கை 2050-இலிருந்து 2045-க்கு முன்னே இழுத்தது. 2024-இலோ அதே சட்டத்தைத் திருத்தி, துறைவாரி ஆண்டு இலக்குகளின் பிடியைத் தளர்த்திவிட்டார்கள். போக்குவரத்து தொடர்ந்து கோட்டை விட்டாலும், மின்துறை குறைத்ததைக் காட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். என் கணக்கில் அது பின்னடைவுதான்.