இலவசத்துக்கும் நிபந்தனை உண்டு

சென்ற வருடம் எங்கள் வகுப்புக் கண்காட்சிக்காக நானும் என் தோழி ஒருத்தியும் கணினியில் ஒரு சதுரங்க விளையாட்டைத் தயாரித்தோம். "தயாரித்தோம்" என்பது முழு உண்மையல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நிரலை எடுத்து, நிறங்களை மாற்றி, காய்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதி, முகப்பில் எங்கள் இருவர் பெயரையும் போட்டோம். அந்த நிரலுடன் 'லைசென்ஸ்' என்றொரு சிறிய கோப்பும் வந்திருந்தது. தேவையில்லை என்று எண்ணி அதை அழித்தவள் நான்தான்.

எங்கள் டீச்சர் விளையாட்டைப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் கைவேலை எவ்வளவு?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். "அழித்த கோப்பைத் தேடி எடுத்து வாசியுங்கள்" என்றார். வாசித்ததில் நான் கற்றதே இக்கட்டுரை.

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலையும் நூலைப் போன்ற ஓர் எழுத்தாக்கமாகவே பாதுகாக்கிறது. ஆகவே எழுதியவரின் அனுமதியின்றி அதைப் பிரதி செய்து பரப்ப முடியாது. அந்த அனுமதியைத் தரும் பத்திரமே உரிமம். உரிமங்கள் பல வகை. எம்ஐடி உரிமத்தில், எழுதியவரின் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் எனப்படும் பொது உரிமம் இன்னும் கண்டிப்பானது. நிரலைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும், நாம் பெற்ற அதே சுதந்திரத்தையும் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எப்படிச் சண்டைக்குக் காரணமாகும்? இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, சதுரங்க உலகில் நடந்தது. 2008இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ், உலகின் மிக வலிமையான சதுரங்க மென்பொருள்களில் ஒன்று. ஆர்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்தது; ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது. ஜேர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 2021இல் 'ஃபேட் ஃபிரிட்ஸ் 2' என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டது. அதன் உள்ளே இருந்தது பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷ் நிரலே. முக்கிய மாற்றம், ஆட்டநிலையை மதிப்பிடும் நரம்பு வலையமைப்பு. விற்றதைப் பற்றி ஆர்வலர்கள் குறை சொல்லவில்லை. வாங்குபவருக்கு உரிய உரிமைகள் மறைக்கப்பட்டன என்பதே அவர்களின் முறைப்பாடு. உரிமத்தை ரத்துச் செய்துவிட்டதாக அறிவித்து, 2021 ஜூலையில் மியூனிக்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2022 நவம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் அடங்கிய பொருள்களின் விற்பனையை நிறுத்தவும், வாங்கியவர்களுக்கு அவர்களின் உரிமைகளை அறிவிக்கவும் நிறுவனம் உடன்பட்டது. ஒரு வருடத்தின் பின் உரிமத்தைத் திருப்பித் தர ஆர்வலர்கள் உடன்பட்டார்கள். நட்டஈட்டை விட நிபந்தனை பேணப்படுவதையே அவர்கள் பெரிதாகக் கருதினார்கள்.

இரண்டாவது, நம் தம்பிமார் விளையாடும் மைன்கிராஃப்டைப் பற்றியது. நண்பர்கள் சேர்ந்து விளையாடும் சேவையகத்தைத் தாமே நடத்துவதற்காக, ஆர்வலர்கள் கிராஃப்ட்புக்கிட் என்ற மென்பொருளை வளர்த்தார்கள். 2014 செப்டெம்பரில், அதற்கு நிறைய எழுதிக் கொடுத்த ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். 'என் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. அதனுடன் மூடிய நிரலான மைன்கிராஃப்டின் பகுதிகளும் கலந்துள்ளன. இப்படிப் பரப்புவது உரிமத்துக்கு மாறானது' என்பது அவர் வாதம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அவர் அனுப்பிய அறிவித்தலால் அந்த மென்பொருளைத் தரவிறக்க முடியாமல் போயிற்று. கலவையென்று தெரிந்தேதானே எழுதினார் என்று கேட்டவர்களும் உண்டு. அவர் உழைப்பு அவருக்குரியது என்றவர்களும் உண்டு. நடுவில் நின்று தவித்தவர்கள், எதுவும் எழுதாமல் விளையாடிக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைகள்.

இரண்டிலும் உரிமம் ஜிபிஎல்தான். ஒன்றில் பிழை திருத்தப்பட்டு, வேலை தொடர்ந்தது. மற்றதில் வேலையே நின்றது. பலர் சேர்ந்து எழுதும் நிரலில் ஒவ்வொருவருக்கும் தம் பகுதியில் உரிமை உண்டு. அதனால்தான் யாருடைய நிரல் எதனுடன் கலக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

இதையெல்லாம் டியூஷன் வகுப்பில் ஒரு தோட்டத்துத் தோழியிடம் சொன்னேன். அவள் உடனே, "எங்கம்மா பறிச்ச கொழுந்த வேற ஆள் பேருல எழுதின மாதிரித்தானே?" என்றாள். எனக்கு முகம் சிவந்தது. இலவசமாகத் தந்தவர் காசு கேட்கவில்லை. தன் பெயரையும், தனக்குப் பின் வருபவரின் உரிமையையும் மட்டுமே கேட்டார். நான் அழித்தது அந்த இரண்டையும்தான். எங்கள் உம்மும்மா இதை அமானிதம் என்பார்.

அந்தக் கோப்பைத் திரும்பச் சேர்த்தோம். முகப்பில் முதலில் அதை எழுதியவரின் பெயர். அதன் கீழே, "நிறமும் தமிழும் எங்களுடையவை" என்று எங்கள் பெயர்கள். கண்காட்சிக்கு வந்த பெற்றோர் சிலர் "இவ்வளவுதானா நீங்கள் செய்தது?" என்று கேட்டார்கள். "ஆம், இவ்வளவுதான்" என்று தயங்காமல் சொன்னோம்.

தோழியரே, அடுத்த முறை 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி வாசியுங்கள். எழுதியவர் யார், என்ன செய்ய அனுமதித்தார், பதிலுக்கு என்ன கேட்டார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.