டிராஃப்டர் இல்லாம 60 டிகிரி

மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு தாம்பரம் மின்சார ரயிலில் இடிபடுற ஃபர்ஸ்ட் இயர் மக்களே, இது உங்களுக்குத்தான். 60 டிகிரி வேணும்னா ஒரு ஏ4 பேப்பர் போதும்.

ஓரிகாமியில் அடிப்படை மடிப்பு ரெண்டே ரெண்டு. மடிச்ச கோடு வாய்க்கால் மாதிரி உள்ளே இறங்கினா பள்ள மடிப்பு. கூரை மாதிரி மேலே நின்னா மலை மடிப்பு. பேப்பரைத் திருப்பிப் போட்டா பள்ளம் மலையாகிடும்.

இப்போ பள்ள மடிப்பு மட்டும் வச்சு ஒரு கணக்கு:

1. மூலையிலிருந்து சாய்வா மடிச்சு, குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் படிய வைங்க. மிஞ்சுற பட்டையைக் கிழிச்சுட்டுப் பிரிச்சா சதுரம்.

2. இடது ஓரத்தை வலது ஓரத்தோட சேர்த்து மடிச்சுப் பிரிங்க. நடுக்கோடு கிடைக்கும்.

3. வலது கீழ் மூலையைத் தூக்கி நடுக்கோட்டில் வைங்க. மடிப்பு இடது கீழ் மூலை வழியாகப் போகணும். தொட்ட இடத்தைக் குறிச்சுட்டுப் பிரிங்க.

அந்தப் புள்ளியையும் கீழ் மூலைகள் ரெண்டையும் சேர்த்தா சமபக்க முக்கோணம். எப்படி? மடிச்சாலும் நீளம் மாறாது. அதனால இடது மூலையிலிருந்து புள்ளி வரை உள்ள தூரம் அடிப்பக்கத்துக்குச் சமம். நடுக்கோட்டில் இருக்கிற புள்ளி ரெண்டு மூலைக்கும் சம தூரம். மூணு பக்கமும் சமம்னா, கோணம் 60.

இதைப் பாடமாவே எழுதினவர் சுந்தர ராவ். காகித மடிப்பு வழியா ஜியோமெட்ரி சொல்லித்தரும் அவருடைய ஆங்கில நூல் 1893-இல் நம்ம சென்னையில் வெளியானது. சமபக்க முக்கோணத்துக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் புத்தகத்தில் அதைக் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவிலும் பதிப்பு வந்தது.

கடைசியா ஒரு கேள்வி: மூணாவது ஸ்டெப்பில் விழுந்த மடிப்புக்கோடு அடிப்பக்கத்தோட எத்தனை டிகிரி? அளக்காம சொல்லுங்க.