கொற்கைப் பாண்டியரின் மறநெறியும் இன்றைய வாழ்வும்

முன்னுரை

போர்வீரர் தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுக்கம், போர்க்களத்தையே காணாத மாந்தரின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுமா என்னும் வினா உலகின் பல நாடுகளிலும் எழுந்துள்ளது. ஜப்பான் நாட்டில் சாமுராய் எனப்பட்ட வீரர் குலத்தார் 1876-இல் பொதுவிடங்களில் வாள் அணியும் உரிமையை இழந்தனர். வாள் போன பின்னும் அவர்தம் நெறி போகவில்லை. நேர்மை, துணிவு, இரக்கம், வாய்மை முதலியவற்றை அந்நெறியின் கூறுகளாக எடுத்துக்காட்டி, 1900-ஐ ஒட்டி இனாசோ நிடோபே ஆங்கிலத்தில் எழுதிய 'புஷிடோ' என்னும் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. ஆயின், அதே புஷிடோவின் பெயரால் பிற்காலத்தில் போர்வெறியும் வளர்க்கப்பட்டது என்பதை வரலாறு காட்டும். எனவே மறநெறி எதுவாயினும், கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல் வேண்டும். தமிழரின் மறநெறியை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொற்கையும் மறமும்

தாமிரவருணி கடலோடு கலக்குமிடத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியது கொற்கை. 'எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலும் அதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69-இல் இங்கு அகழாய்வு நடத்தியது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிவிட, இன்று கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில் உள்நாட்டுச் சிற்றூராக உள்ளது.

கொற்கை நெய்தல் நிலத்து ஊர். நெய்தலுக்குப் புறமாகத் தொல்காப்பியர் கூறுவது தும்பைத் திணை. மண்ணாசையோ பொருளாசையோ இன்றி, வலிமையை நிலைநாட்டுதலே நோக்கமாக வந்த வேந்தனை எதிர்சென்று பொருவது தும்பை. இப்போருக்கும் ஓர் அறம் இருந்தது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அவன் அம்பு தொடுக்குமுன் ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், மக்கட்பேறு இல்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்ததைப் புறநானூற்றில் போற்றுகிறார்.

இதனை இன்றைய வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். குடியிருப்போரை வெளியேற்ற நினைக்கும் வீட்டு உரிமையாளர், கடன் கொடுத்தவர், பணியாளரை நீக்க முனையும் முதலாளி, மாணவரைத் தண்டிக்க எண்ணும் ஆசிரியர் ஆகிய அனைவரிடமும் ஏதோவோர் அம்பு உள்ளது. அதனைத் தொடுக்குமுன் அறிவித்தலும், அது யார்மேல் படும் என எண்ணிப் பார்த்தலும் அவர்தம் கடமையாகும்.

சூளுரையும் பொறுப்பும்

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கொற்கையோர் விரும்பும் வீரன் என மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் குறிக்கிறார். அவன் போருக்குமுன் உரைத்த சூளுரை புறநானூற்றில் உள்ளது. தான் வெல்லாவிடின் குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக என்றான். மாங்குடி மருதனைத் தலைவராகக் கொண்ட புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக என்றான். இரப்போர்க்கு ஈய இயலாத வறுமையைத் தான் அடைக என்றான். உயிரிழப்பை அவன் தண்டனையாகக் கூறவில்லை. மக்கள் மதிப்பும், அறிஞர் நட்பும், ஈகையும் இழத்தலையே உயிரிழப்பினும் கொடிதாகக் கருதினான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவனுக்கே நிலையாமையை எடுத்துரைத்தவர் மாங்குடி மருதனார். வென்றவனிடம் உண்மையைச் சொல்லும் புலவரும், அதனைச் செவிமடுக்கும் வேந்தனும் இருந்தமை அம்மறநெறியின் சிறப்பாகும்.

இருவேறு வழிகள்

இந்நெறியின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் தகாது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் ஒருவனின் பொய்யை நம்பிக் கோவலனைக் கொல்வித்தவன் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி உண்மையை மெய்ப்பித்ததும், அவன் பிறர்மேல் பழி சுமத்தவில்லை. தானே கள்வன் எனக் கூறி அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான். அவனுக்குப்பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் செய்ததையும் அக்காப்பியம் கூறுகிறது. நாட்டில் மழை பொய்த்து நோய் பரவ, அவன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான்.

ஒருவன் குற்றத்தைத் தன் குற்றமாக ஏற்றுக்கொண்டான். மற்றவனோ, ஒரு கொல்லன் செய்த குற்றத்துக்கு அத்தொழிலைச் செய்த ஆயிரவரைக் குற்றவாளிகளாக்கினான். இருவருமே மறவர்; இருவர் கையிலும் வாள் இருந்தது. ஆயினும் முன்னவன் செயலையே வீரம் என நாம் ஏற்கிறோம்.

ஒருவர் செய்த பிழைக்கு அவர் பிறந்த சாதியையும், சார்ந்த சமயத்தையும், வாழும் தெருவையும் பழிவாங்கும் வழக்கம் காப்பியக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. தாமிரவருணிக் கரையிலும் அதன் துயரை நாம் கண்டதுண்டு. கூட்டத்தோடு கூடிக் கல்லெறிதற்குத் துணிவு வேண்டுவதில்லை. தன் கூட்டத்தாரின் சினத்துக்கு எதிரே நின்று, 'குற்றம் செய்தவன் ஒருவனே. மற்றையோர் என் செய்தனர்?' என வினவுதற்கே மறம் வேண்டும். துன்புற்ற பகைவனுக்கு உதவுதலை வீரத்தின் கூர்மை எனப் படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் வைத்திருப்பதும் இதனாலேயாம்.

வாகை அனைவர்க்கும்

மறத்தை அன்றாட வாழ்வுக்குக் கொணரும் வழியைத் தொல்காப்பியரே காட்டியுள்ளார். வெற்றியைக் கூறும் வாகைத் திணையை அவர் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. குற்றமற்ற கொள்கையோடு அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குதலே வாகை என்றார். அறிவனும் தவம் செய்வோனும் ஏனையோரும் பொருநரோடு ஒருங்கே அங்கு இடம் பெறுகின்றனர். அவர் தம் காலத்துச் சமூகப் பாகுபாட்டின்படி வகுத்ததைப் பிறப்பால் கொள்ளாது, செய்யும் தொழிலால் கொள்ளுதல் நமக்குத் தகும். அவ்வாறாயின் பிழையின்றி அளக்கும் வணிகரும், கையூட்டு வாங்காத அலுவலரும், தேர்வில் பார்த்தெழுதாத மாணவரும் வாகை சூடத்தக்கவரே.

முடிவுரை

கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன் பாடிய புறநானூற்றுப் பாடல், அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவரும், உலகையே கொடுப்பினும் பழியை ஏற்காதவரும், பிறர்க்கென முயல்வோரும் இருப்பதால்தான் இவ்வுலகம் நிலைபெறுகிறது எனக் கூறுகிறது. அரச மரபில் பிறந்த ஒருவன் உலகைத் தாங்குவோரைத் தேடியபோது, படைவலியுடையோரை அவன் குறிக்கவில்லை.

மாணவச் செல்வங்கள் இவற்றைத் தேர்வுக்குரிய செய்திகளாக மட்டும் கொள்ளாதிருத்தல் வேண்டும். தாக்குமுன் எச்சரித்தல், சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்றல், தன் பிழையைப் பிறர்மேல் ஏற்றாமை, ஒருவன் குற்றத்துக்காக ஓரினத்தை வெறுக்காமை ஆகிய நான்கையும் கொற்கை நாட்டு மறநெறியிலிருந்து நாம் கொள்ளலாம். இவற்றுள் நான்காவதைக் கடைப்பிடித்தலே இன்று நமக்கு அரிது. அதனைப் பெரியோர் செய்துகாட்டின், இளையோர் கற்பர்.