வேர் சிகிச்சைக்குப் பின் ஈறு வீங்கினால்

ரூட் கெனால் முடித்து வந்த மறுநாள் காலை பல்லைச் சுற்றி ஈறு உப்பிக்கொண்டு நின்றால், "நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி?" என்று கோபம் வருவது நியாயம்தான். டாக்டர் எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பையும் கூழையும் மட்டும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் சவ்வும் ஈறும் உயிரோடுதான் இருக்கின்றன. வேர்க்குழாயைச் சுரண்டும்போது கொஞ்சம் கிருமியும் கழிவும் வேர்நுனிக்கு வெளியே தள்ளப்படலாம். எச்சில் படாமலிருக்க மாட்டிய ரப்பர் ஷீட்டின் கிளிப் ஈறைக் கவ்வியிருக்கலாம். ஊசி போட்ட இடமும் கன்றியிருக்கலாம். இப்படி வரும் லேசான வீக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும்.

முதல் வேலை, சரியாகப் பார்ப்பது. கையைக் கழுவிவிட்டு, செல்போன் டார்ச் அடித்து, கண்ணாடி முன் உதட்டை விலக்கிப் பாருங்கள். வீக்கம் அந்த ஒரு பல்லின் ஓரத்தில் நிற்கிறதா, கன்னத்துக்கோ தாடைக்கோ இறங்கிவிட்டதா? ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாலையிலும் மறுநாள் காலையிலும் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும். டாக்டருக்கு அனுப்பவும் உதவும். தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சலையும் பார்த்துவிடுங்கள்.

இந்த இடத்திலேயே சிலர் வீட்டு வைத்தியத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கு மேலே தூக்குகிறது, குரல் மாறுகிறது, வாய் திறக்கவில்லை, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, கண் மூடும்படி முகம் உப்புகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாடைக்கு அடியில் பரவும் தொற்று மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, வீக்கம் கன்னத்துக்குப் பரவினாலோ அன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் சின்ன வீக்கமானாலும் உடனே டாக்டருக்குப் போன் செய்துவிடுவது நல்லது.

அப்படி எதுவும் இல்லையென்றால், முதல் நாள் ஐஸ் ஒத்தடம். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் விட்டு, மறுபடி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். உள்ளே சீழ் இருந்தால் வெளிச்சூடு அதைக் கன்னத் தோல் பக்கம் இழுக்கக்கூடும் என்பதால் பல் மருத்துவர்கள் அதை வேண்டாமென்கிறார்கள். சூடு வாய்க்குள் போதும்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் வாயில் வைத்திருந்து துப்புங்கள். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவினால் சதை வெந்துபோகும். இரவில் தலையணையை உயர்த்திப் படுத்தால் விண் விண் என்று தெறிப்பது குறையும்.

வலி மாத்திரையில் ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. டெங்கு சீசனில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் யாருக்குமே அது வேண்டாம். இவர்களுக்கெல்லாம் பாராசிட்டமால். ஒரு எச்சரிக்கை: காம்பிஃப்ளாம் போன்ற மாத்திரைகளில் இரண்டு மருந்துமே இருக்கின்றன. அதன் மேல் தனியாக ஒரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு எகிறிவிடும்.

இனி நம் ஊர் வழக்கம். மெடிக்கல் ஷாப்பில் போய் "பல்லு வீங்கியிருக்கு, ஏதாவது கொடுங்க" என்றதும் நாலு அமாக்சிசிலின் கைக்கு வந்துவிடும். நான் இதைக் கடுமையாகவே எதிர்ப்பேன். நரம்பு எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் போகும் மருந்து கிருமி குடியிருக்கும் குழாய்க்குள் எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் நாலு நாள் அடங்கி, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பல்லுக்கான சிகிச்சைதான் முதல் மருந்து, காய்ச்சல் போல உடம்பு முழுக்கத் தொற்று தெரிந்தால்தான் ஆன்டிபயாட்டிக் என்கிறது. சீழ் கட்டியிருந்தால் டாக்டர் பல்லைத் திறந்தோ ஈறைக் கீறியோ வெளியேற்றுவார். வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம்.

சாப்பாடு மறுபக்கம். இட்லி, தயிர்சாதம், ஆறிய கஞ்சி போதும்; முறுக்கும் சிக்கன் எலும்பும் காத்திருக்கட்டும். மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பல்லையும் தேய்க்கத்தான் வேண்டும். தற்காலிக அடைப்பு லேசாகத் தேய்ந்தால் பரவாயில்லை. முழுதும் கழன்றுவிட்டால் எச்சில் உள்ளே போகும், அன்றைக்கே சொல்லுங்கள். மூன்றாம் நாளும் வீக்கம் குறையாவிட்டால், வலி இல்லையென்றாலும் போய்க் காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்து ஈறில் சின்னப் பருபோல் எழும்பி, உடைந்து, உப்புக் கரித்து, மறுபடி எழும்புவது வேறு விஷயம். சீழ் தானே வழி தேடிக்கொள்வதால் வலிப்பதில்லை. அதனால்தான் ஆட்கள் அதை வருடக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். மேல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒரு மெல்லிய குழாய் ஒளிந்திருப்பது சகஜம், அது விட்டுப்போயிருக்கலாம். டாக்டர் பரு உடைந்த துளைக்குள் ரப்பர் குச்சி ஒன்றைச் செருகி எக்ஸ்ரே எடுத்து, சீழ் எந்த வேரிலிருந்து வருகிறதென்று கண்டுபிடிப்பார். குழாய் விட்டுப்போயிருந்தால் மறுசிகிச்சையில் பல்லைக் காப்பாற்றலாம். கேப் போடாமலே கடித்துப் பல் பிளந்து, விரிசல் வேர்வரை போயிருந்தால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். ஆகவே கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதைத் தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.