வண்ணப்படத்தை நம்பும் முன்

மாணவர்களே, சிங்கப்பூரில் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் மின்வடச் சுரங்கப்பாதைகள் செல்கின்றன. அங்குள்ளது போன்ற 230 கிலோவோல்ட் மின்வடம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் செப்புக் கடத்தி, சுற்றிலும் பாலிஎத்திலீன் காப்பு, அதன்மேல் நிலத்துடன் இணைத்த உலோக உறை. 230 என்பது இரு கடத்திகளுக்கு இடையிலான மின்னழுத்தம். கடத்திக்கும் உறைக்கும் இடையே இருப்பது 230 ÷ √3, அதாவது 133 கிலோவோல்ட்.

கடத்தியின் ஆரம் 25 மில்லிமீட்டர், காப்பின் தடிமன் 23 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 133ஐ 23ஆல் வகுத்தால், மில்லிமீட்டருக்கு 5.8 கிலோவோல்ட். இது வெறும் சராசரி. மின்புலக் கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவில் நெருங்கியும் வெளியே விலகியும் இருக்கும். ஆகவே கடத்தியை ஒட்டிய இடத்தில் புலம் கூடுதல். வெளி ஆரம் 48; 48 ÷ 25 = 1.92, இதன் இயல் மடக்கை 0.652. இனி 133 ÷ (25 × 0.652) = 8.2. காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட்வரைதான் தாங்கும். காப்புக்குள் ஒரு மில்லிமீட்டர் காற்றுக்குமிழி சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

முடிவுறு கூறு முறையில் இயங்கும் மென்பொருள், காப்பைச் சின்னஞ்சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. எளிய வகை முக்கோணத்துக்குள் புலம் எங்கும் ஒரே அளவு என்று வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கிறது. வசதி இது, ஆபத்தும் இதுவே. காப்பை ஒரே அடுக்காக விட்டால், கடத்தி அருகே 5.8 என்றே விடை வரும். நான்கு அடுக்கானால் 7.3. 23 அடுக்கானால் 8.0. மூன்று முறையும் திரையில் வண்ணப்படம் அழகாகத்தான் தெரியும். முதல் படத்தை நம்பிக் காப்பை வடிவமைத்தவர், உண்மையான புலத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டைக் கணக்கில் விட்டிருப்பார்.

அப்படியானால் சூத்திரமே போதுமே என்பீர்கள். நேரான வடத்துக்குப் போதும். வடத்தின் முனையில், உலோக உறையை வெட்டி நிறுத்திய விளிம்பில், புலம் ஓரிடத்தில் குவிகிறது. அதைப் பரப்பிவிடவே அங்கே கூம்பு வடிவ ரப்பர் உறுப்பைப் பொருத்துகிறார்கள். அந்த வடிவத்துக்கு எளிய சூத்திரம் கிடையாது. அங்கே முக்கோணங்களைப் பாதியாகச் சிறிதாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை அசையாமல் நின்றால் நம்பலாம். கூரான மூலையாக வரைந்திருந்தாலோ, சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறிக்கொண்டே போகும். பிழை மென்பொருளில் இல்லை. உண்மையான விளிம்பில் இருக்கும் சிறு வளைவை நீங்கள் வரைய மறந்திருப்பீர்கள்.