தோசைக்கல்லில் ஓடும் மீன்

அடிதடி கார்ட்டூனிலேயே கிடக்கும் பிள்ளைகளுக்கு வேறு மாதிரியான பொம்மைப் படங்களை வீட்டோடு உட்கார்ந்து காட்டிப் பாருங்கள். பார்த்த கையோடு தாங்களும் செய்ய ஆசைப்படுவார்கள்.

1. முதல் நாள் ஐந்தாறு நிமிடப் படம் போதும். குஜராத்தில் பிறந்த இஷு படேல் 1977-ல் எடுத்த ‘பீட் கேம்’ முழுக்கப் பாசிமணிகளை நகர்த்தி எடுத்த படம். பேச்சே கிடையாது, பாட்டிக்கும் பேரனுக்கும் ஒன்றுபோலப் புரியும். ஒன்றையொன்று விழுங்கும் காட்சிகள் உண்டு, அதனால் பக்கத்தில் இருங்கள். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் இலவசம்.

2. கரோலின் லீஃப் 1974-ல் ஒளியூட்டிய கண்ணாடியில் மணலைப் பரப்பி, வாத்தைக் கட்டிக்கொண்ட ஆந்தையின் கதையை எடுத்தார். முடிவு சோகம்தான், பாதியில் நிறுத்தாதீர்கள். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்வதைப் பார்த்த நம் பிள்ளைகள், “ஆந்தைக்கு நீந்தத் தெரியாதா?” என்று கட்டாயம் கேட்பார்கள். நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

3. மணலுக்குப் பதில் பச்சரிசி மாவு. கோலத்துக்கு விற்கும் கல்மாவு அடுப்படிப் பாத்திரத்தில் வேண்டாம். தோசைக்கல்லை எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்து, ஈரமில்லாமல் காயவைத்து மாவைத் தூவுங்கள். பிசுக்கு இருந்தால் மாவு ஒட்டிக்கொள்ளும். விரலால் ஒரு மீன் வரைந்து படம் எடுங்கள். வாலை மட்டும் அழித்து, சற்றே தள்ளி வரைந்து அடுத்த படம். நொடிக்கு 12 படம் வைத்தால் மீன் நன்றாக நீந்தும். ஐந்து நொடிக்கு 60.

4. முக்காலி விளிம்பில் கேமரா மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி செல்போனைப் படுக்கவைத்து, மறுமுனையில் ஒரு கிலோ அரிசிப் பையை வையுங்கள். டைமர் வைத்துவிட்டால் கை பட்டு ஆடாது. ஜன்னலைச் சாத்தி ஒரே விளக்கில் எடுங்கள். ஃபேனை நிறுத்த மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நாற்பதாவது படத்தில் யாரோ சுவிட்சைத் தட்ட, மீன் மொத்தமும் பறந்துபோய்ப் பேத்தி அழுதுவிட்டாள்.

5. தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுக்கலாம். அடி கனமாக, உருண்டையாக இருப்பதால் விட்டதும் நிமிர்ந்துவிடும். வாய்க்கால் களிமண்ணில் சின்ன உருண்டை பிடித்து முட்டுக்கொடுங்கள்.

6. பழைய வேட்டியைக் கட்டி, பின்னால் ஒரே ஒரு டார்ச். அட்டை உருவம் துணியை ஒட்டியிருந்தால் நிழல் கூர்மையாக விழும். லோட்டே ரெய்னிகர் 1926-ல் வெளியிட்ட ‘இளவரசர் அகமது’ முழுநீளப் படத்தை, மூட்டு வைத்த அட்டை உருவங்களைக் கொண்டு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்தார். நம் தோல்பாவைக்கூத்துக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. ஊர்ப் பக்கம் கூத்து நடந்தால் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னாலும் அழைத்துப் போங்கள்.

7. ஞாயிற்றுக்கிழமைக்கு ஜப்பானின் ‘டோட்டோரோ’ (1988). வில்லனே இல்லை. வயலும் வரப்பும், மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அக்காள் தங்கையும் நம் ஊர் போலவே இருக்கும்.

8. பிள்ளைகள் எடுத்ததைப் பெயர், தேதியோடு சேமித்துவையுங்கள். ஆடிப்பெருக்குக்கு வரும் உறவினர்களுக்குப் போட்டுக் காட்டலாம்.