கலைஞர் கையில் இருக்கும் கருவி

பதுளை நகரில் கீபோர்ட் வாங்க வரும் தோட்டத்து இளைஞர் முதலில் விலையைக் கேட்பதில்லை. "எங்க கோயில் திருவிழாவில மாஸ்டர் வாசிக்கிறது இதுதானா, முதலாளி?" என்றுதான் கேட்பார். இசைக்கருவி விற்பவர் நம்மவரில் மிகச் சிலரே. ஆயினும் இக்கேள்வியில் உள்ள வியாபாரப் பாடம் தையல் இயந்திரம் விற்பவருக்கும் கைத்தொலைபேசி விற்பவருக்கும் பொருந்தும்.

இசைக்கருவியின் தரம் பார்வைக்குத் தெரியாது. பல மாதங்கள் சேர்த்த சம்பளத்தைக் கொடுத்து ஒரு தடவை வாங்கும் பொருள் அது. எனவே வாங்குபவர் விடயம் தெரிந்த ஒருவரின் காதைக் கடன் வாங்குகிறார்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் லட்விக் என்றொரு டிரம்ஸ் கம்பனி இருந்தது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் 1963 இல் லண்டன் கடையொன்றில் லட்விக் டிரம்ஸைத் தாமே பார்த்துப் பிடித்துத் தெரிவு செய்தார். 1964 பெப்ரவரி 9 ஆம் திகதி அக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது சுமார் 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தனர். டிரம்ஸின் முகத்தில் லட்விக் என்ற பெயர் தெளிவாக இருந்தது. அதன் பின்னர் தொழிற்சாலை இரவு பகலாக இயங்கியும் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விற்பனை இரண்டு மடங்கானது. கம்பனி நன்றிக்கடனாகப் பின்னர் அவருக்குத் தங்க முலாம் பூசிய டிரம் ஒன்றைப் பரிசளித்தது. கிடைத்த இலாபத்துக்கு மிக மலிவான செலவு அது!

காசு கொடுத்துப் பெயர் வாங்கிய கதையும் உண்டு. 1952 இல் கிப்சன் கம்பனி, லெஸ் போல் என்ற கலைஞரின் பெயரை ஒரு கிட்டாருக்குச் சூட்டி, விற்பனையில் அவருக்குப் பங்கும் கொடுத்தது. ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. பிறகு விற்பனை விழுந்து, 1960களின் தொடக்கத்தில் அந்த வடிவமே கைவிடப்பட்டது. எரிக் கிளப்டன் போன்றோர் அதன் ஒலி பிடித்துப் பழைய கிட்டார்களை எடுத்து வாசிக்கத் தொடங்கவே, கேள்வி பெருகி 1968 இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. பெயர் அதே பெயர்தான். இம்முறை விற்றுக்கொடுத்தது வாசித்தவர்களின் கை.

ஊவாவில் இருந்துகொண்டு தேயிலையை விட்டுப் பேசலாமா? இந்தியாவில் தாஜ்மஹால் தேயிலைக்கு 1980களின் பிற்பகுதியில் தபேலாக் கலைஞர் ஸாகிர் ஹுஸைன் விளம்பரத்தில் தோன்றினார் (2024 டிசம்பரில் காலமானார்). அவர் தேயிலை நிபுணர் அல்லர். ஆனால் அவருடைய ஓயாத சாதகத்தையும் தேயிலைக் கலவைக்கான உழைப்பையும் விளம்பரம் அருகருகே வைத்தது. அழகான முகம் மட்டும் போதுமென்றிருந்தால் ஒரு நடிகரே போதும்.

நமது தோட்டங்களில் இது புதிதல்ல. விடியற்காலையில் பெரட்டுத் தப்பு அடித்துத் தொழிலாளரை அழைத்த காலம் இருந்தது. காமன் கூத்துக்கும் மரண வீட்டுக்கும் தப்பு வேண்டும். எந்தத் தோல் நல்லது, நெருப்பில் காய்ச்சினால் எது கணீரென்று ஒலிக்கும் என்பதைத் தப்படிக்கும் பெரியவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொன்னால் எடுபடாது.

எனவே பசறையிலோ ஹாலிஎலயிலோ கடை வைத்திருப்பவர் கொழும்புப் பாடகரின் படத்தைத் தேடி அலையத் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவரை அழைத்து, திருவிழாவுக்கு ஒரு கருவியை இரவலாகக் கொடுங்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வருமுன் இதைச் செய்வது உத்தமம். அவருக்கு விலையில் சலுகை செய்தால் மறைக்க வேண்டாம், கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள். சம்மதமில்லாமல் அவர் பெயரைப் பலகையில் எழுதுவதோ, அவர் தொட்டேயிராத மாதிரியை "அவர் வாசிப்பது" என்று விற்பதோ கூடவே கூடாது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் பேச்சை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடைசெய்கிறது. சட்டம் வருமுன் லயத்தில் செய்தி பரவிவிடும். அந்தத் தோட்டத்திலிருந்து பிறகு ஒருவரும் உங்கள் கடைப்படி ஏற மாட்டார்.

திருவிழா முடிந்து கருவி திரும்பி வரும்போது அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துக் குறைகளைக் கேளுங்கள். "இது சரிவராது" என்று அவர் சொன்னால், அடுத்த முறை அந்த மாதிரியைக் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டாம்.